நீலச் சாயம், சிவப்பு வெளிச்சம்

மும்பையின் காட்கோபர் கிழக்கில், காமராஜ் நகரில் இருக்கும் அண்ணாச்சி ஒருவர் போன மாதம் ஒரு தாளை என்னிடம் நீட்டினார். பல் டாக்டர் எழுதிக்கொடுத்த கணக்கு. கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கெனால், மூன்று சிட்டிங், மேலே கேப். கடைசி வரியில் ‘லைட் ட்ரீட்மென்ட்’ என்று தனியாக ஒரு தொகை.

“நரம்பை எடுக்கதுக்குக் காசு கேக்காவ, சரி. லைட் அடிக்கதுக்குமா காசு? போன வருசம் சொத்தையை அடைச்சப்பவும்தான் நீலமா ஒரு லைட் அடிச்சாவ. அதுக்கு ஒண்ணும் தனியா வாங்கலியே” என்றார். அம்பாசமுத்திரத்தை விட்டு வந்து நாற்பது வருடம் ஆகியும் பேச்சு இம்மியும் மாறாதவர்.

நியாயமான கேள்விதான். காட்கோபர் ஸ்டேஷனை விட்டு இறங்கி நடந்தால் பல் டாக்டர் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. ‘லேசர்’ என்ற சொல்லும் அவற்றில் அடிக்கடி கண்ணில் படும். வெளிச்சம் என்றாலே சுத்தம் என்று நம் மனதில் ஒரு கணக்கு இருக்கிறது. தலையணையை மொட்டை மாடியில் காயப்போட்ட அம்மாக்களிடமிருந்து வந்த கணக்கு அது.

சொத்தையை அடைத்தபோது அண்ணாச்சி பார்த்த நீல விளக்கு வேறு. பல் நிறத்தில் பசை போல வைக்கும் பொருளைச் சில வினாடிகளில் கெட்டியாக்குவதோடு அதன் வேலை முடிந்தது. இப்போது கணக்கில் ஏறியிருப்பது சிவப்பு வெளிச்சம். இது கிருமியைக் கொல்ல வந்தது. ஆனால் இந்தச் சிவப்பு வெளிச்சமும் தனியாக நின்று ஒரு கிருமியையும் கொல்லாது. இதைச் சொன்னதும், வழக்கில் ஜெயித்தவர் போலத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார் அண்ணாச்சி. கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

‘நரம்பு எடுப்பது’ என்று நாம் சொல்லிக்கொண்டாலும், ரூட் கெனாலில் நரம்பை எடுப்பது சின்ன வேலை. பல்லின் நடுவில் இருப்பது கூழ். இரத்தக் குழாய்களும் நரம்பும் மென்திசுவும் சேர்ந்த ஒரு இழை. அது கெட்டியான பெட்டிக்குள் அடைபட்டிருக்கிறது. சொத்தை எனாமலைத் துளைத்து, அதனடியில் இருக்கும் தந்தினியையும் தாண்டிக் கூழைத் தொட்டால் கூழ் வீங்கப் பார்க்கும். வீங்க இடம் ஏது? இரத்த ஓட்டம் நெரிபட்டுச் செத்துப்போகும். அதன்பின் அந்த அறை, வாடகை கொடுக்காத குடித்தனக்காரர்கள் கையில்.

அந்தக் குடித்தனக்காரர்கள்தாம் நோய்க்குக் காரணம் என்பதை 1965இல் காகெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளை வைத்துக் காட்டினார்கள். இரண்டு வகை எலிகள். ஒரு வகை சாதாரணமாக வளர்ந்தவை. இன்னொரு வகை, பிறந்தது முதல் கிருமியே இல்லாத கூண்டில் வளர்ந்தவை. இரண்டுக்கும் பல்லைத் துளையிட்டுக் கூழைத் திறந்துவிட்டார்கள். சாதாரண எலிகளின் கூழ் அழுகிச் சீழ் வைத்தது. கிருமியில்லா எலிகளின் பல்லில் தீனி போய் அடைந்தும்கூடக் கூழ் பிழைத்தது. துளையை மூட உள்ளிருந்து புதுத் தந்தினியும் வளர்ந்தது. பல் மருத்துவத்தில் இவ்வளவு தெளிவாகப் பேசிய பரிசோதனைகள் குறைவு. திறந்து கிடக்கும் பல்லும் உள்ளே போகும் உணவும் நோய் ஆவதில்லை. கூடவே கிருமி போனால்தான் நோய்.

ஆக, ரூட் கெனால் என்பது கிருமியைக் காலி செய்யும் வேலை. அது ஏன் மூன்று சிட்டிங் இழுக்கிறது? வேருக்குள் இருப்பது நேரான குழாய் என்று நினைத்துக்கொள்கிறோம். தாராவியை அறிந்தவர்களுக்கு இப்படிச் சொன்னால் எளிது. 90 அடி சாலை ஒன்று போகிறது; அதில் பெஸ்ட் பஸ் ஓடும். சாலையிலிருந்து பிரியும் தெருவில் டெம்போ போகும். அதிலிருந்து பிரியும் சந்தில் ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய வேண்டும். டாக்டர் கையிலிருக்கும் ஃபைல் என்ற மெல்லிய உலோக ஊசி அந்த பஸ். பெரிய சாலையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும், சந்துக்குள் நுழையாது. கீழ்க் கடைவாய்ப்பல்லின் முன்வேரில் பெரும்பாலும் இரண்டு கால்வாய்கள். இரண்டையும் இணைத்து ரிப்பன் போல ஒரு இடுக்கு. பெரிய சாலையிலேயேகூட எல்லாச் சுவரையும் ஃபைல் தொடுவதில்லை. பீட்டர்ஸ் என்பவரும் சகாக்களும் 2001இல் நுண் சி.டி. படம் எடுத்துப் பார்த்தபோது, எந்த வகை ஃபைலைப் போட்டுச் சுரண்டினாலும் கால்வாய்ச் சுவரில் 35 சதவீதமோ அதற்கு மேலோ தொடப்படாமலே இருந்தது.

சந்துகளுக்கும் கீழே இன்னொரு அளவு உண்டு. தந்தினி ஒரு கெட்டிப் பாறை இல்லை. நுண்குழல்கள் அடுக்கிய தேனடை. கூழை ஒட்டிய பகுதியில் ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம் குழல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் கூழ்ப்பக்கம் சுமார் 2.5 மைக்ரான் விட்டம், வெளிப்பக்கம் போகப்போக 1 மைக்ரானுக்குக் கிட்ட ஒடுங்கும். ஒரு பாக்டீரியா ஒரு மைக்ரானோ அதற்குக் குறைவோதான். அதற்கு அது விசாலமான வீடு.

அங்கே குடியேறுகிறவற்றில் பேர் போனது என்டெரோகாக்கஸ் ஃபீக்காலிஸ். நம் குடலில் சாதாரணமாக வாழ்வது. ரூட் கெனால் செய்தும் தோற்றுப்போன பற்களைத் திறந்தால் பல தடவை இதுவே உட்கார்ந்திருக்கும். பட்டினி தாங்கும். பல் டாக்டர்கள் இரண்டு சிட்டிங்குக்கு நடுவே வைக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடின் காரத்தையும் தாங்கும். போதாததற்கு, கிருமிகள் தனித்தனியாக மிதப்பதில்லை. தாங்களே சுரந்த ஒரு பசைக்குள் கூட்டமாக ஒட்டிக்கொள்கின்றன. சால் வீடுகளில் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம்மைக் கழுவியவர்களுக்கு அந்த வழவழப்பு விரல்நுனியில் தெரியும். தண்ணீரை ஊற்றி ஆட்டினால் போகாது, தேய்த்தால்தான் போகும். அறிவியல் அதை உயிர்ப்படலம் என்கிறது.

சந்துக்குள் பஸ் போகாது, தண்ணீர் போகும். அதனால்தான் ஃபைலுக்குச் சமமான முக்கியத்துவம் கழுவுநீருக்கு. சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது துணி வெளுக்கும் பிளீச்சின் உறவுக்காரன், இந்தத் தொழிலின் முதுகெலும்பு. முதல் உலகப் போரில் அழுகிய காயங்களைக் கழுவ டேக்கினும் காரெலும் நீர்த்த வடிவில் பயன்படுத்தியது இதையே. கிருமியைக் கொல்லும், செத்த திசுவையும் கரைக்கும். இரண்டையும் ஒருசேரச் செய்யும் வேறு நல்ல திரவம் இன்றுவரை இல்லை. ஆனால் அதன் குணமே அதன் ஆபத்து. வேர் நுனியைத் தாண்டி எலும்புப் பக்கம் கசிந்தால் உயிருள்ள திசுவையும் அரிக்கும். கன்னம் சில நிமிடங்களில் வீங்கி, வலி தாங்க முடியாமல் போகும். எனவே டாக்டர் ஓரளவு தாராளமாகவும் ஓரளவு பயந்துமே அதை ஊற்றுகிறார். நுண்குழல்களுக்குள் அது போகும் ஆழத்துக்கும் ஒரு எல்லை உண்டு.

(இந்த இடத்தில் மெடிக்கல் கடை பற்றி ஒரு வார்த்தை. பல் வலித்ததும் ஒரு அட்டை அமாக்சிசிலின் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போனது. மாத்திரை இரத்தத்தின் வழியேதான் போக வேண்டும். செத்த கூழுக்கு இரத்தம் ஏது? கன்னத்து வீக்கம் கொஞ்சம் வடியலாம். பல்லுக்குள் இருப்பவனுக்குச் சேதி கூடப் போய்ச் சேராது.)

ஃபைல் தொடாத, பிளீச் முழுதாக எட்டாத இந்த மிச்சத்துக்குத்தான் வெளிச்சத்தை அழைக்கிறார்கள்.

கதை மியூனிக் நகரில் தொடங்குகிறது. ஹெர்மன் ஃபான் டாப்பைனர் என்ற பேராசிரியரிடம் ஆஸ்கார் ராப் என்ற மருத்துவ மாணவர் வேலை பார்த்தார். அக்ரிடின் என்ற சாயம் பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரியை எவ்வளவு நேரத்தில் கொல்கிறது என்று பார்ப்பது அவருக்குக் கொடுத்த வேலை. ஒரே உயிரி, ஒரே அளவு சாயம். ஒரு நாள் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் செத்தன, இன்னொரு நாள் பதினைந்து மணி நேரம் ஆகியும் நீந்தின. வேறொருவராக இருந்தால் கை தவறியது என்று விட்டிருப்பார். ராப் காரணத்தைத் தேடினார். அவை சாகாமல் நீந்திய அன்று இடிமழை, அறையில் வெளிச்சம் குறைவு. சாயம் மட்டும் இருந்தால் சாவு இல்லை, வெளிச்சம் மட்டும் இருந்தாலும் இல்லை. இரண்டும் சேர வேண்டும். 1900இல் அது அச்சேறியது. சில ஆண்டுகளில் டாப்பைனர் மூன்றாவது கூட்டாளியையும் கண்டுபிடித்தார்: ஆக்சிஜன். அது இல்லாவிட்டால் மற்ற இரண்டும் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும்.

நடப்பது இதுதான். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன், சட்டென்று எதனோடும் சண்டைக்குப் போகாத சோம்பேறி. சாய மூலக்கூறு ஒளியை விழுங்கி, அந்தச் சக்தியைப் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனுக்குத் தள்ளிவிடுகிறது. சோம்பேறி வெறிபிடித்தவனாகிறான். ஒற்றைநிலை ஆக்சிஜன் என்று பெயர். கைக்கு எட்டிய கொழுப்பு, புரதம், மரபணு எதையும் விடாமல் கிழிக்கும். ஆனால் ஆயுசு அற்பம்: தண்ணீரில் சுமார் 3 முதல் 4 மைக்ரோவினாடி. அதற்குள் ஒரு மைக்ரானின் சிறு பகுதி தூரம்தான் நகர முடியும். இந்த அற்பாயுசுதான் முறையின் பலம். சாயம் எந்தச் செல்லில் ஒட்டியிருக்கிறதோ அந்தச் செல்லோடு சண்டை முடிந்துவிடும், பக்கத்து வீட்டுக்குப் போகாது. மருந்துக்கு எதிர்ப்பு வளர்த்துக்கொள்ளக் கிருமிக்கு ஒரு குறி வேண்டும், ஒரு பூட்டை மாற்றிப் போடலாம். நாலா பக்கமும் கிழிப்பவனுக்கு எந்தப் பூட்டை மாற்றுவது?

சாயமும் வெயிலும் சேர்ந்தால் ஒரு விளைவு உண்டு என்பது நம் ஊருக்கு வேறு வழியில் தெரிந்தே இருந்தது. நலங்கு மாவில் சேர்க்கும் கார்போகரிசியை வெண்புள்ளிக்குப் பூசி வெயில் காட்டும் வைத்தியம் பழையது. அதிலிருக்கும் சோரலேன் என்ற பொருள் புற ஊதாக் கதிர் பட்டதும் வேலை செய்கிறது. வேலை செய்யும் விதம் வேறு, அது ஆக்சிஜனை நம்பாமல் நேரே மரபணுவில் கை வைக்கும். ஆகையால் ராப் கண்டதை நாம் முன்பே கண்டுவிட்டோம் என்று மார்தட்ட இடமில்லை. வெயில் அளவு மிஞ்சினால் தோல் வெந்துபோகும் என்பதும் அந்த வைத்தியத்தோடு சேர்ந்தே வந்த பாடம்.

பல்லுக்குப் பயன்படும் சாயங்களில் பிரபலம் மெத்திலீன் நீலம். 1876இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனியில் ஹைன்ரிக் காரோ துணிச்சாயமாகச் செய்தது. 1891இல் பால் எர்லிக் மலேரியாவுக்குக் கொடுத்துப் பார்த்தார். சொட்டு நீலம் என்று குழம்ப வேண்டாம், அது வேறு. மெத்திலீன் நீலம் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை குர்லா மீன் சந்தைக்குப் போகலாம். வீட்டுத்தொட்டி மீனுக்குப் பூஞ்சை பிடித்தால் ஊற்றும் சின்ன நீலக் குப்பி அதுவே.

நீலச் சாயத்துக்கு ஏன் சிவப்பு வெளிச்சம்? ஒரு பொருள் நீலமாகத் தெரிகிறது என்றால் நீலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டுச் சிவப்பைத் தின்கிறது என்று பொருள். மெத்திலீன் நீலம் 660 நானோமீட்டரை ஒட்டிய செவ்வொளியை ஆசையாகத் தின்னும். அதன் உறவான டொலுயிடின் நீலத்துக்கு 630 சொச்சம். விளக்கும் சாயமும் பொருந்தாவிட்டால் எவ்வளவு நேரம் பிடித்தாலும் வீண். இரண்டு சாயங்களும் நேர்மின்னேற்றம் கொண்டவை. கிருமியின் மேல்தோல் எதிர்மின்னேற்றம் கொண்டது. அதனால் தானாகவே போய் ஒட்டிக்கொள்ளும்.

லண்டன் ஈஸ்ட்மன் பல் மருத்துவக் கழகத்தில் மைக்கேல் வில்சன் குழு 1990களின் தொடக்கத்தில் வாய்க் கிருமிகள் மேல் இதைச் சோதித்தது. 2006இல் பாஸ்டனில் சூகோஸ் குழு வேர்க்கால்வாய்க்குள் கொண்டுவந்தது. அவர்கள் எண்களைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். மெத்திலீன் நீலமும் செவ்வொளியும் திரவத்தில் மிதந்த பல வகைக் கிருமிகளைத் துடைத்தெறிந்தன. என்டெரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் மட்டும் 53 சதவீதம்தான் செத்தது. ஒளியை ஏழு மடங்குக்கு மேல் கூட்டி, பிடுங்கிய பற்களில் வளர்த்த அதன் உயிர்ப்படலத்தில் பிடித்தபோது 97 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்து லட்சம் கிருமியில் 97 சதவீதம் போனால் மிச்சம் முப்பதாயிரம். பல்கிப் பெருகும் ஜாதிக்கு முப்பதாயிரம் என்பது நல்ல முதல்.

பிரேசிலில் கார்செஸ் குழு 2008இல் 20 நோயாளிகளிடம் பார்த்தது இன்னும் பயனுள்ளது. வழக்கமான சுத்தத்தால் கிருமி சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அதன்மேல் ஒளிவினை சிகிச்சையும், அதாவது இந்தச் சாயமும் வெளிச்சமும், சேர்ந்தபோது இன்னும் ஐந்து மடங்கு அளவில் குறைந்தது. ‘அதன்மேல்’ என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். அதன்பின் வந்த ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன: ஒளி கூடுதல் உதவி செய்கிறது, ஃபைலுக்கும் பிளீச்சுக்கும் மாற்றாக நிற்பதில்லை. கிருமி குறைந்ததால் வருடங்கள் கழித்தும் அந்தப் பல் கூடுதலாக நிலைக்கிறதா என்பதற்குக் கையிலிருக்கும் சான்று மெலிவு.

ஏன் ஆய்வுக்கூடத்தில் புலி, வாயில் பூனை? மூன்று கூட்டாளிகளும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூட வேண்டும். சாயம் சந்துக்குள் ஊற நேரம் வேண்டும். பல நிமிடங்கள் காத்திருந்து பிறகே விளக்கைப் பிடிப்பார்கள். வெளிச்சம் கூந்தல் போன்ற ஒளியிழை வழியே கால்வாய்க்குள் இறங்குகிறது. தந்தினி அதைச் சிதறடித்துவிடும். இரத்தம் கசிந்தால் அதுவும் வெளிச்சத்தை வழிமறிக்கும். வேர் நுனியில் ஆக்சிஜனே கொஞ்சம். அங்கே வாழும் கிருமிகள் காற்றை வெறுப்பவை என்பதால்தான் அங்கே வாழ்கின்றன. இன்னொரு வேடிக்கை: பிளீச் மிச்சம் இருந்தால் அது சாயத்தையே வெளுத்துவிடும். வெள்ளைச் சட்டையில் சிந்திய மையைப் பிளீச் போக்குவது போல. ஆகவே முதலில் பிளீச், அப்புறம் நன்றாகக் கழுவி உலர்த்தல், அப்புறமே சாயம். முடிந்ததும் சாயத்தைச் சரியாகக் கழுவாவிட்டால் முன்பல் நீலம் பூத்து நிற்கும். கடைவாய்ப்பல் என்றால் யார் பார்க்கப் போகிறார்கள்.

பலகைகளில் ‘லேசர்’ என்று இருப்பது எப்போதும் இது இல்லை. எர்பியம் யாக் லேசர் 2940 நானோமீட்டர்; அந்தக் கதிரைத் தண்ணீர் மிக வேகமாக உறிஞ்சும். கால்வாயில் நிற்கும் திரவத்தில் குமிழி வெடித்து, அலை கிளம்பி, திரவம் சந்துகளுக்குள் பாய்கிறது. அங்கே கொல்வது பிளீச். லேசர் அதைத் தள்ளிவிடும் பம்ப். வேறு சில டயோட் லேசர்கள் சூட்டையே நம்புகின்றன. ஒளிவினை சிகிச்சையிலோ சக்தி மிகக் குறைவு, சூடு இருக்காது. விளக்கம் கேட்காமல் ‘லேசர்’ என்ற ஒரே சொல்லுக்குப் பணம் கொடுப்பது, ‘வண்டி’ வாங்கினேன் என்று சைக்கிளுக்கும் லாரிக்கும் ஒரே விலை கொடுப்பது போல.

இந்தச் சாயத்தை மேம்படுத்தும் முயற்சிகளில் எனக்குப் பிடித்தது டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் அனில் கிஷன் குழு செய்வது. இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானை நுண்துகளாக்கி, ரோஸ் பெங்கால் என்ற செஞ்சாயத்தை அதில் கோக்கிறார்கள். கைட்டோசானும் நேர்மின்னேற்றம் கொண்டது, உயிர்ப்படலத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒளி பட்டதும் கிருமியைக் கொல்வதோடு பலவீனப்பட்ட தந்தினியின் நாரையும் பின்னி இறுக்கும். சாசூன் டாக் துறைமுகத்தில் நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கும் ஓட்டுக் குவியலுக்கு இப்படியும் ஒரு வேலை.

எல்லாம் முடிந்தபின் கால்வாயை அடைப்பது கட்டாபெர்ச்சா என்ற மலேயா மரப்பால். 1870இல் ஏடனிலிருந்து பம்பாய்க்குக் கடலடியில் இழுத்த தந்திக் கம்பிக்கு உறையாக இருந்ததும் அதே பால். உள்ளே ஈரம் புகக்கூடாது என்ற ஒரே காரணம்தான் இரண்டு இடத்திலும்.

அண்ணாச்சி கடைசியில் என்ன செய்தார்? நான் நாலு கேள்வி எழுதிக் கொடுத்தேன். பல்லைச் சுற்றி எச்சில் புகாமல் தடுக்கும் ரப்பர் டேம் கட்டுவீர்களா? கால்வாய் எத்தனை என்று பார்த்தாயிற்றா? பிளீச் எவ்வளவு நேரம் நிற்கும்? சாயம் எது, அதற்குப் பொருந்தும் விளக்கு எது? முதல் மூன்றுக்கும் ஒழுங்கான பதில் வந்தால் நாலாவதற்குக் காசு கொடுப்பது உங்கள் விருப்பம். முதல் மூன்றுக்கும் மழுப்பினால் நாலாவது இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்றேன்.

அந்தப் பெண் டாக்டர் நாலுக்கும் உட்கார்ந்து பதில் சொன்னாராம். ரப்பர் டேம் உண்டு, நாலு கால்வாய், சாயம் மெத்திலீன் நீலம். “லைட் உங்களுக்குக் கட்டாயம் இல்லை அங்கிள். வேர் நுனியில் பழைய சீழ் இருக்கிறது, அதனால் சொன்னேன்” என்றாராம். அண்ணாச்சி அதையும் செய்துகொண்டார். ஆறு மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்து, நுனியில் இருக்கும் கறுப்பு நிழல் சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிழல் சுருங்கினாலும் அது பிளீச்சால் சுருங்கியதா, சிவப்பு வெளிச்சத்தால் சுருங்கியதா என்று எக்ஸ்ரே பிரித்துச் சொல்லாது என்றேன்.

“யாரு பண்ணுனா என்ன, ஊர்க் கோயில் கொடைக்குப் போவும்போது முறுக்கு கடிக்கணும், அம்புட்டுதான்” என்றார்.